குளிசைப் போத்தலின் மூடியும் எங்கள் பெற்றோரின் கைகளும்

புலம்பெயர்ந்த எங்கள் வீடுகளின் சமையலறை மேசையில் இப்போது உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் குளிசைப் போத்தல்களும் வரிசையாக நிற்கின்றன. பிரஷருக்கு ஒன்று, சீனி வருத்தத்துக்கு இரண்டு, கொலஸ்ரரோலுக்கு ஒன்று, நித்திரைக்கு ஒன்று. ஊரில் ஆஸ்பத்திரியில் எண்ணிக் கடதாசி உறையில் போட்டுத் தந்த குளிசையை, உறையைப் பிரித்து எடுத்து விழுங்கிப் பழகிய தலைமுறை இது. அவர்களுக்கு, அமத்திக்கொண்டே திருகினால் மட்டும் திறக்கும் இந்த மூடி வயது போன காலத்தில் வந்த ஒரு புதுப் பாடம். பாடம் சரிவராதபோது போத்தலைக் குறை சொல்வதில்லை, "என்ர கைக்குப் பெலன் இல்லை" என்று தங்களைத்தான் குறை சொல்கிறார்கள்.

பெரும்பாலும் குறை போத்தலில்தான். அதை மாற்றித் தரும்படி கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது. கனடாவில், குறிப்பாக ஒன்ராறியோவில் உள்ள நடைமுறையை வைத்தே இதை எழுதுகிறோம். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் பாமசியில் இதே கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

இன்று உலகம் முழுக்கப் பழகிப்போன இந்த மூடிக்குக் கனடாவில் ஒரு பிறந்த ஊர் உண்டு. வின்ட்சர் நகரில் ஹொட்டேல் டியூ மருத்துவமனையில் குழந்தை மருத்துவராக இருந்தவர் ஹென்றி புரோ. அங்கிருந்த நச்சுக் கட்டுப்பாட்டு நிலையமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. இனிப்புச் சுவை சேர்த்த குழந்தை அஸ்பிரினை மிட்டாய் என்று நினைத்துப் பிள்ளைகள் அள்ளி விழுங்கிய காலம் அது. பெற்றோருக்குப் புத்தி சொல்லிப் பார்த்தும் வருகிற பிள்ளைகளின் தொகை குறையவில்லை. ஆளைத் திருத்துவதை விட மூடியைத் திருத்துவது நல்லது என்று முடிவெடுத்து, வார்ப்புத் தொழில் செய்த பீற்றர் ஹெட்ஜ்விக் என்பவரோடு சேர்ந்து 1967ல் 'பாம் அன்ட் ரேர்ன்' என்ற மூடியைக் கொண்டுவந்தார். உள்ளங்கையால் அமத்து, பிறகு திருப்பு என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். வின்ட்சர் பகுதியில் பிள்ளைகள் நஞ்சு உட்கொள்ளும் சம்பவங்கள் 91 வீதத்தால் குறைந்ததாகப் பதிவு இருக்கிறது. 1974ல் ஒன்ராறியோ மாகாணம் இதைக் கட்டாயமாக்கியது. அமெரிக்கா இதற்கென ஒரு சட்டத்தை 1970லேயே நிறைவேற்றிவிட்டது.

எத்தனையோ பிள்ளைகளின் உயிரைக் காத்த மூடி என்பதால், அதைக் குறை சொல்ல வருகிறவர்கள் இந்தக் கணக்கை முதலில் வரவு வைத்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

இனிப் பற்றுப் பக்கத்தைப் பார்ப்போம். ஒரு மூடி பிள்ளைகளைத் தடுக்கிறதா என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? அமெரிக்க விதியின்படி 42 மாதம் முதல் 51 மாதம் வரையான பிள்ளைகளின் கையில் போத்தலைக் கொடுத்து ஐந்து நிமிடம் விடுவார்கள். பிறகு எப்படித் திறப்பது என்று ஒருமுறை செய்து காட்டி, பல்லாலும் கடிக்கலாம் என்று சொல்லி, இன்னும் ஐந்து நிமிடம் கொடுப்பார்கள். இந்தப் பத்து நிமிடத்தில் 80 வீதமான பிள்ளைகளால் திறக்க முடியாவிட்டால் மூடி தேறிவிட்டது. அதாவது ஐந்து பிள்ளைகளில் ஒரு பிள்ளை திறந்தாலும் தேறும். பிள்ளைகளை இந்த மூடி தாமதப்படுத்துகிறது. முற்றாகத் தடுப்பதாக யாரும் உத்தரவாதம் தரவில்லை. இதைக் கட்டாயம் நினைவில் வைத்திருங்கள், கீழே மறுபடி வரும்.

அடுத்தது பெரியவர்களுக்கான சோதனை. ஆரம்ப காலத்தில் இதற்கு எடுத்தவர்களின் வயது 18 முதல் 45 வரை! மருந்து அதிகம் எடுப்பவர்கள் யார் என்று யாருமே யோசிக்கவில்லைப் போலும். 1995ல்தான் அமெரிக்கா இதைத் திருத்தி, 50 முதல் 70 வயது வரையானவர்களைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்றது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் முதலில் ஐந்து நிமிடத்துக்குள் திறக்க வேண்டும், பிறகு இன்னொரு முறை ஒரு நிமிடத்துக்குள் திறந்து மூடவும் வேண்டும். முன்னேற்றம்தான். ஆனாலும் எழுபதைத் தாண்டியவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. வெளிப்படையான உடற்குறை உள்ளவர்களும் இல்லை. ஆகவே 79 வயதில், மூட்டுவாதத்தால் விரல்கள் வளைந்துபோன ஓர் அம்மாவால் மூடியைத் திறக்க முடியவில்லை என்றால், அது சோதனையில் ஒருபோதும் கேட்கப்படாத கேள்வி.

கையின் பக்கம் இருந்து பார்த்தால் காரணம் விளங்கும். இந்த மூடி ஒரே நேரத்தில் இரண்டு வேலை கேட்கிறது, கீழ்நோக்கிய அமுக்கமும் சுற்றும் விசையும். சாதாரண மூடிக்குச் சுற்றினால் போதும். பெருவிரலின் அடிமூட்டுத் தேய்ந்தவருக்கும், பார்க்கின்சன் நடுக்கம் உள்ளவருக்கும், பாரிசவாதம் வந்து ஒரு கை மட்டும் இயங்குபவருக்கும் இந்த இரண்டையும் சேர்த்துச் செய்வது பெரிய பாடு. போத்தலின் பருமனும் ஒரு விசயம். மெல்லிய சிறு போத்தலின் மூடியை விரல் நுனியால்தான் பிடிக்க முடியும். அகன்ற மூடியை முழு உள்ளங்கையாலும் பிடிக்கலாம். முப்பது சின்னக் குளிசைகளுக்குக்கூட ஒரு பெரிய போத்தல் தரும்படி கேட்பதில் தவறில்லை. வீட்டில் உடனே செய்யக்கூடியது ஒன்று: போத்தலைக் கையில் தூக்கிப் பிடிக்காமல் மேசையில் ஈரத்துணியின் மேல் வைத்து, கையை நீட்டி, உடம்புப் பாரத்தை உள்ளங்கைக்குக் கொடுத்து அமத்தித் திருப்புவது. பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையைப் போட்டால் இன்னும் இலகு.

திறக்க முடியாதவர்கள் பேசாமல் இருப்பதில்லை, தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடிக்கிறார்கள். மகன் வேலைக்குப் போகமுன் எல்லா மூடிகளையும் திறந்து, பிறகு இறுக்காமல் மேலாக வைத்துவிட்டுப் போகிறார். அல்லது குளிசைகள் நெஸ்டமோல்ட் பேணிக்கும், பழைய ரொபி ரின்னுக்கும், கைப்பைக்குள் இருக்கும் சின்னப் பொலித்தீன் பைக்கும் இடம் மாறுகின்றன. போத்தலோடு பெயர், அளவு, நேரம் எல்லாம் போய்விடுகின்றன. அம்புலன்ஸில் வருகிறவர் "என்ன மருந்து எடுக்கிறவர்?" என்று கேட்டால், "வெள்ளைக் குளிசை" என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது. எங்கள் வீடுகள் பலவற்றில் மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் இருக்கிறது. அம்மம்மாவின் அறைதான் பேரப்பிள்ளைக்கு விளையாட்டு இடம். சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் கிளிக்லசைட் போன்ற குளிசையில் ஒன்றே ஒன்று போதும், சிறு பிள்ளையின் இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவதற்கு. பிரஷருக்கான அம்லோடிபின் வகையும் அப்படித்தான். பிள்ளை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, அறிகுறி தெரியும்வரை காத்திராமல் நச்சுத் தகவல் நிலையத்துக்கு அழைக்க வேண்டும். கனடாவில் 1-844-764-7669, அமெரிக்காவில் 1-800-222-1222. பிள்ளை மயங்கிவிட்டால் அல்லது மூச்சுச் சிரமப்பட்டால் நேரே 911.

இப்போது உரிமைக்கு வருவோம். ஒன்ராறியோவில் மருந்தாளர் பிள்ளைகள் திறக்க முடியாத பொதியில்தான் மருந்து தர வேண்டும் என்பது பொது விதி. மருந்து எழுதியவரோ, மருந்தைப் பெறுகிறவரோ வேறு விதமாகக் கேட்டால் சாதாரண மூடி தரலாம் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்காவிலும் நோயாளியோ வைத்தியரோ கேட்டால் கொடுக்கலாம். "ஈசி ஓப்பின் காப்" என்று கேட்டால் எந்தப் பாமசியிலும் விளங்கும். சில இடங்களில் ஒரு கையெழுத்து வாங்குவார்கள். இதை உங்கள் கோப்பில் நிரந்தரமாகப் பதியச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் வேறொருவர் வேலையில் நிற்கும்போது பழைய மூடியே திரும்பி வரும். பாமசியை மாற்றினால் மீண்டும் சொல்ல வேண்டும். சில போத்தல்களில் மூடியைக் கவிழ்த்துப் பூட்டினால் அதுவே சாதாரணத் திருகு மூடியாகிவிடும். வீட்டில் உள்ள போத்தலை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள், கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம்.

அப்படியென்றால் பேரப்பிள்ளை? இங்கேதான் அந்த ஐந்தில் ஒன்றை நினைக்க வேண்டும். இறுக்கமான மூடி இருந்தாலும் பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் மருந்தை வைக்கக்கூடாது. எப்படியும் ஒளித்து வைக்கத்தான் வேண்டும் என்றால், மூடியை முதியவருக்கு ஏற்றதாக ஆக்கிவிட்டுப் பாதுகாப்பைப் பெட்டிக்கு மாற்றுவது நல்லது என்பதே எங்கள் அபிப்பிராயம். உயரமான அலுமாரித் தட்டில் வைக்கச் சொல்வது வழக்கம். கதிரையில் ஏறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த அம்மாமாரைப் பார்த்த பிறகு அதை நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. இலக்கப் பூட்டுள்ள சிறு பெட்டி ஒன்றை இடுப்பளவு உயரத்தில் வைத்தால் இரண்டு பேருக்கும் பொருந்தும்.

மூடி திறந்துவிட்டால் மட்டும் போதாது, சரியான போத்தல்தானா என்பதும் முக்கியம். நியூயோர்க்கில் வடிவமைப்புப் படித்த டெபோரா அட்லர் என்ற மாணவியின் பாட்டி, தன் கணவரின் குளிசையைத் தவறுதலாக விழுங்கிவிட்டார். இரண்டு போத்தலிலும் ஒரே குடும்பப்பெயர், ஒரே நிறம், ஒரே வடிவம். அந்தச் சம்பவத்தைத் தன் பட்டப்படிப்பு ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட அட்லர், தட்டையான முகப்புள்ள போத்தல் ஒன்றை வடிவமைத்தார். வட்டப் போத்தலில் லேபிளை வாசிக்கச் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டியிருக்கும், இதில் வேண்டியதில்லை. மருந்தின் பெயர் மேலே பெரிய எழுத்தில். போத்தல் மூடியின் மேல் தலைகீழாக நிற்கும். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிற வளையம். டார்கெற் நிறுவனம் இதை 2005ல் அமெரிக்காவில் தன் பாமசிகளில் கொண்டுவந்தது. நியூயோர்க் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் இடம் கிடைத்தது. 2015ல் டார்கெற் தன் பாமசிகளை சி.வி.எஸ். நிறுவனத்துக்கு விற்க, அந்தச் சிவப்புப் போத்தல்கள் நின்றுபோயின. பழைய போத்தலைத் திரும்பத் தாருங்கள் என்று வாடிக்கையாளர்கள் கேட்டும் பலனில்லை. நல்ல பொருள் ஒன்று கைமாறும் வியாபாரத்தில் செலவுக் கணக்காகிப் போவதை எங்கள் தொழிலில் நிறையப் பார்க்கிறோம்.

எங்கள் வீட்டில் நாங்களே அந்த நிற வளையத்தைச் செய்யலாம். அப்பாவின் போத்தல்களுக்கு நீல ரப்பர் வளையம், அம்மாவின் போத்தல்களுக்குச் சிவப்பு. மூடியின் மேல் தடித்த பேனையால் தமிழில் "காலை", "இரவு", "சாப்பிட்ட பிறகு" என்று எழுதி ஒட்டலாம். பாமசி ஒட்டிய லேபிளை மட்டும் மறைக்காதீர்கள். மொழி சின்ன விசயம் அல்ல. ஸ்பானிய மொழியில் 'ஒன்சே' என்றால் பதினொன்று. ஆங்கிலத்தில் ஒருமுறை என்பதைக் குறிக்கும் சொல்லுக்கும் அதே எழுத்துகள்தான். நாளுக்கு ஒன்று என்று எழுதியதை நாளுக்குப் பதினொன்று என்று வாசிக்கும் ஆபத்தை அமெரிக்க மருந்தாளர்கள் நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டி வருகிறார்கள். தமிழில் அப்படி ஒரு சொல் மோதல் இல்லாவிட்டாலும், ஆங்கில லேபிளை வாசிக்கத் தெரியாமல் குளிசையின் நிறத்தையே அடையாளமாக வைத்திருப்பவர்கள் எங்களில் நிறையப் பேர். மருந்துக் கம்பனி மாறினால் நிறமும் மாறும். அன்றைக்கு அந்த அடையாளம் கைவிட்டுவிடும். ஸ்காபரோ, மார்க்கம் பக்கங்களில் தமிழ் பேசும் மருந்தாளர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை எல்லாப் போத்தல்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டுபோய் ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்பது நல்லது. கண் பார்வை குறைந்தவர்களுக்குப் பெரிய எழுத்து லேபிளும் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் பிரித்தானியாவிலும் மருந்துப் பெட்டியின் வெளிப்புறத்தில் மருந்தின் பெயரைப் பிரெயில் எழுத்தில் பொறிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

பல குளிசை எடுப்பவர்களுக்கு, நாள்வாரியாக, வேளைவாரியாகக் குளிசைகளை அட்டையில் அடைத்துத் தரும் 'பிளிஸ்ரர் பக்' பெரிய உதவி. காலையில் எடுத்தேனா இல்லையா என்ற சந்தேகத்துக்கு அட்டையே பதில் சொல்லும். ஆனால் எல்லா மருந்தையும் அதில் அடைக்க முடியாது. நாக்கின் கீழ் வைக்கும் நைற்றோகிளிசரின் குளிசை அதன் கண்ணாடிப் போத்தலிலேயே இருக்க வேண்டும். டபிகற்றான் என்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து ஈரம் பட்டால் கெட்டுவிடும், அதையும் வந்த பொதியிலேயே வைக்க வேண்டும். வார்பரின் போல அளவு அடிக்கடி மாறும் மருந்தைப் பற்றி மருந்தாளரிடம் தனியாகக் கேளுங்கள். வைத்தியர் இடையில் ஒரு மருந்தை நிறுத்தினால் அட்டையைப் பாமசிக்குத் திருப்பிக் கொண்டுபோய் மாற்றி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் நிறுத்திய மருந்தை அட்டை தொடர்ந்து தந்துகொண்டே இருக்கும். கடையில் வாங்கும் ஏழு நாள் பிளாஸ்ரிக் பெட்டியும் நல்லதுதான், பிள்ளைகளும் இலகுவாகத் திறப்பார்கள் என்பதை மறக்காதவரை.

காசு விசயத்தையும் சொல்லிவிடுகிறோம். ஒன்ராறியோவில் முதியவர்களுக்கான மருந்துத் திட்டத்தில், வருமானம் குறைந்தவர்கள் ஒவ்வொரு மருந்துக்கும் 2 டொலர் வரை கொடுக்கிறார்கள். மற்றவர்கள் ஆண்டில் முதல் 100 டொலரைக் கட்டிய பின் 6.11 டொலர் வரை கொடுக்கிறார்கள். அட்டையில் அடைத்துத் தரும்போது இந்தத் தொகை எத்தனை முறை எடுக்கப்படும், அடைப்பதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று தொடங்கும்போதே கேளுங்கள். ஆண்டு முடிவில் பாமசியிடம் முழு ஆண்டுக்கான பட்டியலை ஒரே தாளில் கேட்டு வாங்குங்கள். பங்குனியில் சப்பாத்துப் பெட்டி நிறைய மங்கிப்போன ரசீதுகளோடு வருகிறவர்களுக்கு இதைத்தான் ஒவ்வொரு ஆண்டும் சொல்லி வருகிறோம். மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்கிய விற்றமின் அந்தக் கணக்கில் சேராது.

புதுப் போத்தல்கள் வந்ததும் பழையவற்றை என்ன செய்வது என்பது கடைசிக் கேள்வி. மிஞ்சிய குளிசையை மலசலகூடத்தில் கொட்டவும் வேண்டாம், யாருக்கும் தேவைப்படலாம் என்று லாச்சிக்குள் சேர்க்கவும் வேண்டாம். பாமசிகள் இலவசமாகத் திருப்பி எடுக்கின்றன. வெறும் போத்தலை எறிய முன்னர் பெயரும் மருந்தும் உள்ள லேபிளை உரித்துவிடுங்கள். உரிய மறுத்தால், கொஞ்சநேரம் சுடுதண்ணியில் போட்டு வைத்தால் வந்துவிடும்.