முகம் காட்டாத நாயகன்: பச்சை ஆமையின் மறுபிறவி



ஆண்டு மூன்று மாணவர்களுக்குச் சித்திரப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தமக்குப் பிடித்த வீரனை வரைந்து வண்ணம் தீட்ட வேண்டும் என்பது பணி. ஒரு மாணவன் பக்கத்து மேசையை நோக்கிக் கை நீட்டி, "டேய், ஸ்கின் கலர் குடுடா" என்றான். கேட்டவனின் கைக்கு வந்து சேர்ந்தது இளஞ்சிவப்பு வண்ணக்கோல். கொடுத்த கையும் வாங்கிய கையும் நல்ல மாநிறம். அந்த வண்ணக்கோலுக்கு இப்பெயரை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று எண்ணிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. பயிற்சிக் கழகத்தில் படித்த காலம் முதல் நானும் அதை அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

அன்று எனக்கு நினைவுக்கு வந்தவன் ஒரு பழைய அமெரிக்கச் சித்திரக்கதை நாயகன். (சித்திரக்கதைப் பித்து எனக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. நாற்பதைத் தாண்டியும் விடவில்லை. வீட்டில் அதற்காகக் கேலிக்கும் குறைவில்லை.) அவன் பெயர் பச்சை ஆமை.

1938-ஆம் ஆண்டு சூப்பர்மேன் தோன்றி வெற்றி பெற்ற பிறகு, அமெரிக்காவில் அதிநாயகர்கள் மழைக்கால ஈசல்போலப் புறப்பட்டனர். பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகளில் மறைந்தும் போயினர். 1944-ஆம் ஆண்டு வெளிவந்த 'பிளேசிங் காமிக்ஸ்' என்னும் இதழில் பிறந்தவன் பச்சை ஆமை. அவனைப் படைத்தவர் சூ ஹிங். அமெரிக்கச் சித்திரக்கதைத் துறையில் பணியாற்றிய முதல் சீன வம்சாவளி ஓவியர்களுள் ஒருவர். கதைக்களம் ஜப்பானியப் படைகள் புகுந்திருந்த சீனா. அங்கே மக்களைக் காக்கப் போராடுகிறான் நாயகன். அவனுக்குத் துணை 'பர்மா பாய்' என்ற சிறுவன்.

பர்மா என்ற சொல் நம் காதில் வேறு விதமாக ஒலிக்கும். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட எண்ணற்ற தமிழர்களைப் பலிகொண்ட சயாம் மரண இரயில் பாதை, அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 1943 அக்டோபரில்தான் கட்டி முடிக்கப்பட்டது. அது தனியே எழுத வேண்டிய வரலாறு. நாயகனுக்கே திரும்புவோம்.

அக்கதைகளில் ஒரு விந்தை உண்டு. நாயகன் வாசகருக்கு முகம் காட்டுவதே அரிது. பெரும்பாலான கட்டங்களில் முதுகைக் காட்டி நிற்பான். திரும்ப வேண்டிய இடத்தில் அவனுடைய மேலங்கியோ, ஓங்கிய கையோ, வேறு ஏதேனும் பொருளோ குறுக்கே வந்து முகத்தை மறைத்துவிடும். நீங்கள் யார், எப்படிப் பச்சை ஆமை ஆனீர்கள் என்று சிறுவன் கேட்பான். பதில் வருமுன் ஏதாவது ஓர் இடையூறு நேர்ந்துவிடும். நாயகனுக்குப் பின்னால், கண்ணும் சிரிப்புமாக ஓர் ஆமையின் நிழல் தொடரும். அது என்ன என்பதும் விளக்கப்படவே இல்லை. ஐந்து இதழ்களோடு கதை நின்றுபோனது.

இதற்கு வாய்வழியாக ஒரு காரணம் கூறப்பட்டு வந்தது. சூ ஹிங் தம் நாயகனைச் சீனனாகப் படைக்க விரும்பினாராம். சீன நாயகன் விலைபோக மாட்டான் என்று பதிப்பாளர் மறுத்தாராம். வெளிப்படையாக எதிர்க்க இயலாத ஓவியர், நாயகனின் முகத்தை மறைத்து வரைந்து, அவன் சீனன்தான் என்று தமக்குள்ளாவது எண்ணிக்கொண்டாராம். இதற்கு எழுத்துச் சான்று எதுவும் இல்லை. ஆகவே வரலாறு என்று இதை மாணவர்களுக்குச் சொல்ல மாட்டேன். செவிவழிச் செய்தி என்றே சொல்வேன். ஆனால் அந்தப் படங்கள் இன்றும் நம் கண்முன் உள்ளன. அச்சான இதழில் நாயகனின் தோலுக்கு இட்ட நிறம், மனிதத் தோலில் எங்கும் காண முடியாத அளவுக்கு அழுத்தமான இளஞ்சிவப்பு!

காலத்தையும் கருத வேண்டும். சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவில் குடியேறுவதைத் தடுத்த சட்டம் 1882-இல் இயற்றப்பட்டது. அது நீக்கப்பட்டது 1943 டிசம்பரில். போரில் சீனா நட்பு நாடு ஆகிவிட்டதே அந்த மனமாற்றத்துக்கு முக்கியக் காரணம். நீக்கிய பிறகும் ஆண்டுக்கு 105 சீனருக்கு மட்டுமே குடியேற அனுமதி. பச்சை ஆமை பிறந்தது இந்தச் சூழலில்தான்.

எழுபது ஆண்டுகள் கழித்து, 2014-இல், அவனுக்கு மறுபிறவி வாய்த்தது. 'தி ஷேடோ ஹீரோ' என்ற அந்நூலை எழுதியவர் ஜீன் லுவென் யாங். கலிபோர்னியாவில் உயர்நிலைப்பள்ளிக் கணினி ஆசிரியராகப் பல்லாண்டுகள் பணியாற்றியவர், நம் இனம்! வரைந்தவர் சோனி லியூ. 1974-இல் நம் சிரம்பானில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்தவர். பழைய நாயகனுக்கு உரிமை கோருவார் எவரும் இல்லாத நிலையில், அவனை எடுத்து வளர்க்க இவர்களால் முடிந்தது.

சூ ஹிங் விட்டுச்சென்ற புதிர்கள் ஒவ்வொன்றுக்கும் இவர்கள் விடை அமைத்த விதமே எனக்கு மிகவும் பிடித்தது. 1930-களின் அமெரிக்கச் சீனர் குடியிருப்பில் மளிகைக்கடைக்காரரின் மகன் ஹாங்க். அப்பாவைப்போலக் கடையைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைப்பவன். அம்மாவுக்கோ மகன் அதிநாயகன் ஆகியே தீர வேண்டும். உடை தைக்கிறாள். சண்டைப் பயிற்சிக்கு அனுப்புகிறாள். கதைகளில் படித்தபடி, இரசாயனக் கசிவில் மகனைத் தள்ளியும் விடுகிறாள். அதன் விளைவாக அவன் தோல் நனைந்தால் இளஞ்சிவப்பாக மாறிவிடுகிறது. பழைய அச்சின் நிறத்துக்கு இப்படி ஒரு விளக்கம்! வாய்விட்டுச் சிரித்தேன். மகனின் விருப்பத்தைக் கேட்காமலேயே அவனை மருத்துவர் ஆக்கப் புறப்படும் பெற்றோர் சிலர் அப்போது நினைவுக்கு வந்ததை மறைக்க விரும்பவில்லை. ஆமை நிழலோ, அப்பாவின் நிழலில் குடியிருந்து, அவர் கொலையுண்ட பின் மகனிடம் வந்து சேரும் தொன்மையான ஆவி.

குறை இல்லாமலும் இல்லை. நூலின் முற்பாதி அம்மாவுடையது. அங்கே கதை துள்ளுகிறது. பிற்பாதியில் குற்றக்கும்பல், பழிவாங்கல், பெரிய சண்டை என்று வழக்கமான தடத்துக்கு வந்துவிடுகிறது. அம்மா ஒதுங்கிவிடுகிறாள். எனக்கு அது இழப்பாகவே பட்டது. கொலையும் சூதாட்ட விடுதியும் வருவதால், ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளிடம் இந்நூலைக் கொடுக்க வேண்டாம் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன். இடைநிலைப்பள்ளி மாணவர்க்கு ஏற்றது.

நூலின் இறுதியில் 1944-ஆம் ஆண்டின் முதல் கதையை மறுபதிப்பாகச் சேர்த்துள்ளனர். போர்க்கால இதழ்களில் ஜப்பானியரைக் கோர உருவங்களாக வரைவது வழக்கமாயிருந்தது. தன் இனத்துக்கு முகம் கிடைக்கவில்லை என்று வருந்திய கையும் அவ்வழக்கத்திலிருந்து விலகவில்லை என்பதைப் பெரியவர்கள் கவனிக்க வேண்டும்.

வண்ணக்கோல் நிகழ்ச்சிக்கு அடுத்த வாரம், அந்த மறுபதிப்பிலிருந்து பொறுக்கியெடுத்த சில பக்கங்களை வகுப்பில் காட்டினேன். இளஞ்சிவப்பு வண்ணக்கோலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இந்த நாயகன் எந்த நாட்டுக்காரன் என்று மட்டும் கேட்டேன். ஆளுக்கொரு நாடு சொன்னார்கள். முன் வரிசையில் அமர்ந்திருந்த மாணவி ஒருத்தி மட்டும் பேசாமல் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், இவர் எப்பத்தான் திரும்புவாரு?"

"இந்தக் கதையில் திரும்ப மாட்டார், அம்மா" என்றேன்.

அவள் புத்தகத்தைக் கவிழ்த்து, தாளின் மறுபக்கத்தைப் பார்த்தாள்.