கடலடியில் கிடந்த வெள்ளி ரூபாய்

கடலுக்கு அடியில் என்ன இருக்கும் என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் மீன், முத்து, பவளம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். நம் நாட்டு ஒரு ரூபாய்க் காசும் மூட்டை மூட்டையாகக் கிடந்தது என்று இனிமேல் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்தப் பழைய ரூபாய் ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. இரண்டாம் உலகப் போர் வந்ததும் 1940இல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள்; ஒரு ரூபாய் நோட்டும் வந்தது. பழைய காசுகளை அரசு திரும்ப வாங்கத் தொடங்கியது. போர்ச் செலவுக்கு லண்டன் கருவூலத்துக்கு வெள்ளி தேவைப்பட்டது.

1942 அக்டோபரில் சுமார் 2,000 பெட்டிகளில் 100 டன் வெள்ளிக் காசுடன் ‘சிட்டி ஆஃப் கெய்ரோ’ என்ற கப்பல் பம்பாயிலிருந்து புறப்பட்டது. காசு எண்ணிப் பழகிய கை சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். எல்லாமே ஒரு ரூபாய்க் காசு என்றால் 85 லட்சத்துக்கு மேல் வருகிறது!

தென் அட்லாண்டிக்கில் துணைக்கு யாருமின்றிப் போன அந்தக் கப்பலை நவம்பர் 6 இரவு யு-68 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி டார்பிடோவால் தாக்கி மூழ்கடித்தது. அதன் தளபதி மெர்ட்டன் உயிர்காக்கும் படகுகளை நெருங்கி வந்து, மூழ்கடித்ததற்கு வருத்தம் தெரிவித்து, இரவு வணக்கமும் சொல்லிவிட்டுப் போனாராம். மரியாதை தெரிந்தவர்தான்! ஆனால் செயின்ட் ஹெலினா தீவோ 500 மைல் தூரம். 311 பேரில் 104 பேர் இறந்தார்கள். கப்பலோடு போனவர்கள் சிலர்தான்; மற்றவர்கள் படகுகளிலும் மீட்கப்பட்ட பின்பும் தாகத்தாலும் தளர்ச்சியாலும் போனவர்கள். பலர் ‘லஸ்கர்’ எனப்பட்ட நம் நாட்டு மாலுமிகள். 51 நாள் கழித்து பிரேசில் பக்கம் அகப்பட்ட ஒரு படகில் இரண்டே பேர் உயிரோடு இருந்தார்கள்.

கப்பல் போய்ச் சேர்ந்த ஆழம் 5,150 மீட்டர். டைட்டானிக் கிடப்பது 3,800 மீட்டரில்தான். அங்கே ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் அரை டன் பாரம் அழுத்தும். சூரிய வெளிச்சம் எட்டிப் பார்க்காது. 2011இல் ஒரு மீட்பு நிறுவனம் இடத்தைக் கண்டுபிடித்தது. இயந்திரங்களை இறக்கி, சேற்றுக்குள்ளிருந்து பல டன் காசை 2013க்குள் மேலே கொண்டுவந்தது. மதிப்பு 3 கோடியே 40 லட்சம் பவுண்டு என்றார்கள்.

அது யாருக்குப் போனது என்று கேட்கிறீர்களா? காசில் பெரும்பகுதியை உருக்கி விற்று, பிரிட்டிஷ் கருவூலமும் மீட்ட நிறுவனமும் பங்கிட்டுக்கொண்டன. பேரேட்டின்படி சரக்கு கருவூலத்துடையது, அதில் தகராறு இல்லை. ஆனாலும் 70 வருஷம் கடல் அழிக்காத முத்திரையை உலையில் போட்டார்களே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

மீட்டவர்கள் திரும்பும்போது இறந்தவர்கள் நினைவாக ஒரு பலகையைக் கடலடியில் வைத்துவிட்டு வந்தார்கள். கப்பல் இன்னும் அங்கேதான் இரண்டு துண்டாகக் கிடக்கிறது.