ஜுரக் கலத்தை எப்படி வாசிப்பது? 1918 விஷக்காய்ச்சலும் காவிரிப் படுகையும்

1918 இன்ஃபுளுவென்சா இந்தியாவுக்குள் மேற்கே நுழைந்து கிழக்கே நகர நகரத் தன் கொல்லும் வீரியத்தை இழந்தது என்ற கருத்து, இப்போது எதிர்க்கேள்வி இல்லாமல் எடுத்தாளப்படுகிறது. பம்பாயிலும் மத்திய மாகாணத்திலும் இறப்பு செங்குத்தாக எழுந்து சட்டென்று விழுந்தது. வங்காளத்துக்கும் மதராஸின் தென்கிழக்குக்கும் வரும்போது அதே அலை தாமதமாக எழுந்து, தாழ்ந்து, நீண்டு கிடந்தது. மாவட்டவாரி இறப்புக் கணக்கிலிருந்து வரைந்த இந்தச் சித்திரத்தில் பெரிய பிழை இல்லை. பிழை அடுத்த அடியில் வருகிறது. அலை தாழ்ந்ததற்குக் காரணம் வைரஸே வழியில் மாறியதுதான், கடுமை குறைந்த திரிபு கடுமையானதை ஓரங்கட்டிவிட்டது என்கிறார்கள். ஓர் இறப்புக் கோட்டின் வடிவத்திலிருந்து ஒரு வைரஸின் பரிணாமத்தைப் படித்துவிட முடியும் என்ற நம்பிக்கை இது.

அந்த நம்பிக்கைக்கு அடியில் இருப்பது ஒரு குறிப்பேடு. கிராம முன்சீப் எழுதிய பிறப்பு இறப்புப் பதிவேடு. அதை இந்தக் கேள்வியோடு திறந்து பார்த்தவர்கள் குறைவு.

வலங்கைமானை நான் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் அதன் இருப்பிடம். இன்று திருவாரூர் மாவட்டத்தில் இருக்கும் இவ்வூர் அன்று தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்தது. குடமுருட்டிக் கரையில், கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி போகும் சாலையில் இருக்கிறது. ஊருக்கு ரயில் கிடையாது. வடக்கே கும்பகோணம் வழியாகச் செல்லும் மெயின் லைன், தெற்கே நீடாமங்கலம் வழியாக நாகப்பட்டினம் போகும் பாதை, இரண்டுக்கும் நடுவே வயலும் வாய்க்காலும். மூச்சுவழித் தொற்று ரயிலில் வந்து, நிலையத்தில் இறங்கி, வண்டிப்பாதையிலும் வரப்பிலும் பரவுவதைப் படிக்க இதைவிடத் தோதான இடம் டெல்டாவில் எனக்குத் தெரியவில்லை.

பதிவேட்டுக்கு வருவோம். அன்றைய கணக்கில் காலரா, பெரியம்மை, பிளேக், ஜுரம், வயிற்றுப்போக்கு, சுவாச நோய்கள், விபத்து, இதர காரணங்கள் என்று கலங்கள் இருந்தன. இன்ஃபுளுவென்சாவுக்குக் கலம் இல்லை. பெரியம்மைக்கு ஒன்று இருந்தது, ஏனென்றால் அம்மை குத்தும் இலாகா ஒன்று இருந்தது. பிளேக்குக்கு இருந்தது, ஏனென்றால் அதற்கென்று தடுப்புக்காவலும் பாஸ்போர்ட்டு முறையும் இருந்தன. எந்த நோய்க்கு ஓர் இலாகா பொறுப்போ அந்த நோய்க்கு ஒரு கலம். விஷக்காய்ச்சலுக்கு இலாகா இல்லாததால் அதில் செத்தவர்கள் பெரும்பாலும் ஜுரக் கலத்துக்குப் போனார்கள். இது துறையில் எல்லோரும் அறிந்த செய்தி. அதனால்தான் முந்தைய ஆய்வுகள் 1918இன் ஜுரக் கலத்திலிருந்து முந்தைய ஆண்டுகளின் சராசரியைக் கழித்துப் பார்த்தன. பின்வந்த ஆய்வுகள் கலத்தையே நம்பாமல் மொத்த இறப்பை எடுத்துக்கொண்டன. இரண்டாவது முறை முதலாவதைவிட நேர்மையானது என்பதில் ஐயமில்லை. காரணம் எழுதுவதில் முன்சீப் தவறலாம், இறந்ததைக் கூடவா தவறவிடுவார் என்பது அதன் வாதம்.

தவறவிடுவார் என்று நான் சொல்லவில்லை. தாமதித்து எழுதுவார் என்கிறேன். அந்தத் தாமதமே போதும்.

ஒரு கற்பனைக் கிராமத்தை வைத்துப் பார்ப்போம். அக்டோபரில் நாற்பது பேர் சாகிறார்கள். முன்சீப் உடனுக்குடன் எழுதியிருந்தால் அக்டோபரில் நாற்பது. அடுத்த மாதம் கோடு பழைய இடத்துக்கு இறங்கிவிடும். அவரே ஜுரத்தில் விழுந்து, தேறி எழுந்து, விட்டதைக் கேட்டுக் கேட்டு எழுதுகிறார் என்று கொள்வோம். அக்டோபரில் பதினைந்து, நவம்பரில் பதினாறு, டிசம்பரில் ஒன்பது. மொத்தம் அதே நாற்பதுதான். ஆனால் தாலுகா கச்சேரிக்குப் போன மாதக் கணக்கில் உச்சம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, ஒரு மாதம் தள்ளிப்போய்விட்டது, அலையின் நீளம் மும்மடங்காகிவிட்டது. தாழ்வு, தாமதம், நீட்சி: வீரியம் இழந்த வைரஸின் கைரேகைகள் என்று நமக்குக் காட்டப்படும் மூன்றும் இங்கே வந்துவிட்டன, வைரஸில் ஓர் எழுத்தும் மாறாமலே.

இந்தத் தாமதம் எல்லா மாகாணங்களிலும் ஒரே அளவில் இருந்தால் என் வாதம் செல்லாது. மேற்குக்கும் கிழக்குக்குமான வேறுபாட்டை அது விளக்காது. ஆனால் ஒரே அளவில் இருந்திருக்க வழியில்லை. தக்காணத்தில் அலை உச்சத்தில் இருந்தபோது அந்த ஆண்டு பொய்த்த தென்மேற்குப் பருவமழைக்குப் பின்னான வறண்ட நாட்கள். காவிரிப் படுகையில் அதே வாரங்கள் வடகிழக்குப் பருவத்தின் வாரங்கள். ஐப்பசி அடைமழையில் வரப்பும் வண்டிப்பாதையும் சேறாகிக் கிடக்கும்போது, ஒரு கிராமத்தின் பல குக்கிராமங்களிலிருந்து சாவுச் செய்தி முன்சீப் வீட்டுத் திண்ணைக்கு வந்துசேர வேண்டும். கொண்டுவர வேண்டியவர் வெட்டியான். விஷக்காய்ச்சல் முதலில் விழத்தட்டியவர்களில் அவரும் இருந்திருப்பார், ஏனென்றால் எல்லாப் பிணங்களின் அருகிலும் போனவர் அவர்தான்.

குடியிருப்பின் அமைப்பு இன்னொன்று. அக்கிரகாரம் ஓரிடம், குடியானத் தெரு ஓரிடம், சேரி வயல்களுக்கு அப்பால். பதிவேடு இருந்தது முதல் இரண்டில் ஒன்றில். சேரிக்குத் தனி இடுகாடு. அங்கே புதைக்கப்பட்டவர் பண்ணையாளாக இருந்தால், அவர் செத்ததை முன்சீப் அறிவதற்கு முன் பண்ணையார் அறிவார், ஆள் குறைந்ததால். இந்தியாவெங்கும் அந்த ஆண்டு இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதினரும், அவர்களில் பெண்களும் அதிகமாகச் செத்தார்கள் என்பது உறுதிப்பட்ட செய்தி. டெல்டாவில் அந்த வயதுப் பெண்கள் யார்? சம்பா நடவிலும் களையெடுப்பிலும் வயலில் வரிசையாகக் குனிந்து நின்றவர்கள். நோய் எங்கே அதிகம் கொன்றதோ அந்த இடத்துக்கும் பதிவேட்டுக்கும்தான் தூரம் அதிகம்.

வலங்கைமானின் எந்த வார்டிலும் எந்தத் தேதியில் எத்தனை நாள் தாமதமாக எழுதினார்கள் என்று இங்கே காட்டவில்லை. மேலே சொன்னது ஊகந்தான். ஆனால் மழையும் சேறும் சாதித் தெருவும் இருந்தன என்பது ஊகமல்ல. வைரஸ் மாறியது என்பதற்கு இந்தியாவில் அவ்வளவு சான்றும் இல்லை. 1918இல் இன்ஃபுளுவென்சாவுக்குக் காரணம் வைரஸ் என்பது உறுதியாகத் தெரியாது, பெரும்பாலும் பாக்டீரியாவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மனித இன்ஃபுளுவென்சா வைரஸ் பிரிக்கப்பட்டது 1933இல். அலாஸ்காவில் உறைபனியில் புதைந்த உடல் ஒன்றும் அமெரிக்க இராணுவக் கிடங்கின் மாதிரிகளும் கொண்டு அதன் முழு மரபணு வரிசை 2005இல் முடிக்கப்பட்டது. 2022இல் ஜெர்மனியில் 1918இல் இறந்தவர்களின் பாதுகாக்கப்பட்ட நுரையீரல் துண்டுகளிலிருந்து மேலும் சில வரிசைகள் வந்தன. முதல் அலைக்கும் பின்னலைக்கும் இடையே வைரஸ் மனித உடலுக்குத் தக்கபடி மாறியிருக்கலாம் என்று அவை காட்டுகின்றன. பரிணாமம் நடந்தது, மறுக்கவில்லை. இந்திய அலைக்கு அப்படி ஒரு வரிசையும் இல்லை. அது இல்லாத இடத்தில் மாவட்டக் கணக்கை மரபணுவுக்குப் பதிலியாக வைக்கிறார்கள்.

தூரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீரியம் படிப்படியாகக் குறைந்தது என்றால், கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றித் தொற்றி வைரஸ் நடந்து வந்தது என்று ஆகும். 1871 முதல் பம்பாயும் மதராஸும் ரயிலால் இணைந்திருந்தன. ஏறத்தாழ இரண்டு நாள் பயணம். இருமிக்கொண்டே ஏறியவர் இருமிக்கொண்டே இறங்கியிருப்பார். இடையில் தொற்றுச் சங்கிலியில் ஒரு கண்ணிக்கு மேல் சேர்ந்திருக்காது. ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் என்பது வைரஸுக்கு ஒரே ஒரு தலைமுறை. பரிணாமத்துக்கு வேண்டியது தலைமுறைகள், தூரமல்ல. ரயில் நிலையத்திலிருந்து வலங்கைமானுக்கு உள்ள பத்துச் சொச்சம் கிலோமீட்டரில்தான் அதைவிட அதிகக் கண்ணிகள் கோத்திருக்கும். வீரியக் குறைவைத் தேட வேண்டிய இடம் பம்பாய்க்கும் மதராஸுக்கும் இடையில் அல்ல. கும்பகோணம் ஸ்டேஷனுக்கும் வயற்காட்டுச் சேரிக்கும் இடையில். மாவட்ட அளவுக் கணக்கில் இந்த இடைவெளி தெரியவே தெரியாது.

வைரஸ் மாறியது என்ற வாசிப்புக்கு எல்லாவற்றையும்விடச் சங்கடமானது இலங்கை. விழுப்புரம்–திருச்சி கார்டு லைன் போடப்படாத காலம் அது. எழும்பூரிலிருந்து தென்கோடிக்குப் போன மீட்டர்கேஜ் வண்டிகள் மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத்தான் போயாக வேண்டும். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் அதே தண்டவாளத்தின் தொடர்ச்சியில் தனுஷ்கோடி. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். இலங்கையில் 1918 இலையுதிர் காலத்து அலை புறப்பட்ட இரு மையங்களில் ஒன்று கொழும்பு, மற்றொன்று தலைமன்னார் என்று அண்மைய ஆய்வு காட்டியிருக்கிறது. அதே ஆய்வின் கணக்கில் தீவின் மக்கள்தொகை இழப்பு சுமார் 3,07,000, அதாவது 6.7 விழுக்காடு. இந்த எண் மிகை என்போர் உண்டு. இதைவிடப் பலமடங்கு குறைந்த மதிப்பீடும் இருக்கிறது. பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் கேள்வி நிற்கிறது. டெல்டாவைக் கடக்கும்போது சாதுவாகிவிட்ட வைரஸ், பாக் நீரிணையைக் கடந்ததும் எப்படிப் பழைய குணத்துக்குத் திரும்பியது? நடுவில் இருந்த தஞ்சாவூரில் அது சாதுவாகவே இல்லை, உரிய நேரத்தில் எண்ணப்படவில்லை என்று கொள்வது எளிதல்லவா?

1921 மக்கள்கணக்கும் ஓரளவு இந்தப் பக்கமே சாய்கிறது. 1911இல் 23.6 லட்சமாக இருந்த தஞ்சாவூர் ஜில்லா 1921இல் 23.3 லட்சமாகக் குறைந்தது. அதே பத்தாண்டில் மதராஸ் மாகாணம் சுமார் 2 விழுக்காடு வளர்ந்தது. மலாயாவுக்கும் இலங்கைக்கும் ரங்கூனுக்கும் போனவர்களால் குறைந்தது என்று சொல்லப்படும். ஓரளவு உண்மைதான். 1917 முதல் கூலியாட்கள் வெளியேறுவதற்குப் போர்க்காலக் கட்டுப்பாடு இருந்ததால் அந்த விளக்கத்தை நான் அதிகம் மதிப்பதில்லை.

பஞ்சம் இல்லாததால் டெல்டா தப்பியது என்ற இன்னொரு மறுப்பையும் கேட்டிருக்கிறேன். அரிசி விளையும் ஊரில் அரிசி உண்பவர் யார் என்று பார்க்காமல் சொல்வது அது. 1918 செப்டம்பரில் மதராஸ் நகரிலேயே தானியக் கொள்ளைகள் நடந்தன. விலை ஏறியபோது அது விளைந்த இடத்திலும் ஏறியது.

மதராஸில் இறப்பு பம்பாயைவிடக் குறைவு என்பதை நான் ஏற்கிறேன். ஜூன், ஜூலை முதல் அலையில் நோய்ப்பட்டு எதிர்ப்புச் சக்தி பெற்றவர்கள் துறைமுக ஊர்களில் அதிகம் இருந்திருக்கலாம், ஈரப்பதம் உதவியிருக்கலாம். ஒமிக்ரான் வந்தபோது நாமே கண்டோம்: இறப்பு குறைந்ததில் எவ்வளவு வைரஸின் மென்மை, எவ்வளவு தடுப்பூசியும் முந்தைய தொற்றும் தந்த பாதுகாப்பு என்று பிரிப்பதற்கு மரபணு வரிசைகளும் ஆய்வகங்களும் கையில் இருந்தும் திணற வேண்டியிருந்தது. எழுதும் தேதிக்கும் சாகும் தேதிக்கும் இடைவெளி என்ன செய்யும் என்பதற்கும் அதே கொரோனாப் பெருந்தொற்று ஒரு சான்று தந்தது. 2020 ஜூலை 22இல், மார்ச் முதல் ஜூன் 10 வரை சென்னையில் நிகழ்ந்து விட்டுப்போன 444 மரணங்களைத் தமிழக அரசு ஒரே நாளில் கணக்கில் சேர்த்தது. அந்த நாளின் எண்ணை மட்டும் எடுத்துக் கோடு போட்டால் ஜூலையில் ஒரு புதிய கொலைகாரத் திரிபு பிறந்ததாகத் தோன்றும். கணினியும் கைப்பேசியும் இருந்த மாநகரத்தில் நடந்தது இது. மழைக்காலத்துக் குக்கிராமத்தில் முன்சீப் ஒருவர், பேனா ஒன்று.

வலங்கைமான் பெயரைச் சொன்னதும் தஞ்சை வட்டாரத்தார் நினைப்பது பங்குனியில் மகா மாரியம்மன் கோயிலில் எடுக்கும் பாடைக்காவடியை. சாகும் நிலைக்குப் போய்ப் பிழைத்தவர், வேண்டிக்கொண்டபடி பிணம்போல் பாடையில் படுப்பார். முன்னே கொள்ளிச்சட்டி போகும். கோயிலைச் சுற்றி வந்ததும் தீர்த்தம் தெளிக்க எழுவார். இதை 1918க்குச் சான்றாகக் கொள்ள எனக்கு எண்ணமில்லை. வேண்டுதலுக்கு நோயின் பெயர் வேண்டியதில்லை, ஆண்டும் வேண்டியதில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். முன்சீப்பின் ஏட்டிலும் நோயின் பெயர் இல்லை. ஏடு செத்தவர்களை எண்ணியது, பாடை பிழைத்தவர்களை. இரண்டுக்கும் ‘காய்ச்சல்’ என்ற ஒரே சொல் போதுமானதாக இருந்திருக்கிறது.

என் வாசிப்பைச் சோதிக்க வழி உண்டு. கும்பகோணம் நகராட்சிப் பதிவையும் வலங்கைமானைச் சுற்றிய கிராமப் பதிவுகளையும், 1918 செப்டம்பர் முதல் 1919 பிப்ரவரி வரை, இறந்த நாள் எழுதப்பட்டிருக்கும் இடங்களில் அந்த நாளின்படியும், இல்லாத இடங்களில் பதிவு வரிசை எண்ணின்படியும் அடுக்க வேண்டும். ஸ்டேஷனிலிருந்து தொலைவு கூடக் கூட அலை தாழ்ந்து நீள்கிறது, ஆனால் இறந்த நாளின்படி அடுக்கியதும் மீண்டும் செங்குத்தாகிறது என்றால் தாழ்ந்தது ஏட்டில்தான். அடுக்கிய பிறகும் தாழ்வாகவே கிடந்தால் நான் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும். வடகிழக்குப் பருவமழை பற்றிய பாதியை அப்போதும் விடமாட்டேன்.