இலையுதிர் காலம் இல்லாத ஊரில் துப்பறியும் கதைகள்



நம் கிளப் ஹவுஸ் மாடியில் இருக்கும் புத்தக அலமாரிக்கு, இந்த ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் படிக்கத் தகுந்த புத்தகங்களைத் தேர்ந்து தரும்படி சங்கச் செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். பட்டியல் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத அது கொஞ்சம் சரித்திரமாக வளர்ந்துவிட்டது. பொறுத்தருள வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் என் மகளிடம் இதைச் சொன்னபோது, அங்கே இலையுதிர் காலம் வந்தால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படிப்பதற்கென்றே ஒரு வகை நாவல் உண்டு என்றாள். 'கோஸி மிஸ்டரி' என்று பெயராம். ஊர் சின்னதாக இருக்கும். ரத்தம் தெறிக்காது. துப்பறிபவர் போலீஸ்காரராக இருக்கமாட்டார். பக்கத்து வீட்டுப் பாட்டியாகவோ கடைக்காரராகவோ இருப்பார். 1930-இல் அகதா கிறிஸ்டி நாவலில் கொண்டுவந்த மிஸ் மார்ப்பிள் என்ற கிழவி இந்த வகைக்கு மூத்தவர்களில் ஒருவர். "நம்ம ஊர்ல இந்த மாதிரி இருக்காப்பா?" என்று கேட்டாள்.

இலையுதிர் காலம் நமக்குக் கிடையாது. அந்தச் சொல்லில் ஓர் எழுத்தை மாற்றி 'கொலையுதிர் காலம்' என்று நாவலுக்குப் பெயர் வைத்தார் சுஜாதா. நமக்கு அத்தோடு சரி. நமக்கு இருப்பது அடைமழைக் காலம். ஆனால் அந்த வகைக் கதை இருக்கிறதா என்றால், 1,400 ஆண்டுகளுக்கு முன்பே நம் காஞ்சிபுரத் தெருவிலேயே நடந்திருக்கிறது.

தொலைந்துபோன கபாலம்

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவன் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து கோயில் எடுத்த அதே அரசன், 'மத்தவிலாசப் பிரகசனம்' என்று சம்ஸ்கிருதத்தில் ஒரு சின்ன நகைச்சுவை நாடகமும் எழுதினான். பாலாற்றுக்கு அக்கரையில் உள்ள மாமண்டூர் குகைக் கல்வெட்டில் இதன் பெயர் காணப்படுகிறது. கேரளக் கோயில்களில் கூடியாட்டமாக நடிக்கப்பட்டு வந்த இதை, 1917-இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரி அச்சில் கொண்டுவந்தார்.

கதை இதுதான். சத்தியசோமன் என்ற காபாலிகத் துறவி, துணைவி தேவசோமாவுடன் காஞ்சியில் குடித்துவிட்டுத் திரிகிறான். திடீரென்று பார்த்தால் பிச்சைப் பாத்திரமான கபாலத்தைக் காணோம். அதில் வறுத்த இறைச்சி வேறு இருந்தது. நாய் எடுத்திருக்கலாம், அல்லது ஒரு பௌத்த பிட்சு எடுத்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றுகிறது. அந்த நேரம் பார்த்து நாகசேனன் என்ற பிட்சு, ஆடைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வருகிறார். போதாதா? பிடித்துக்கொள்கிறான். அவர் தம்முடைய பாத்திரத்தை எடுத்துக் காட்டிய பிறகும் விடவில்லை. சண்டை முற்றுகிறது. பாசுபதர் ஒருவர் நடுவராக வருகிறார், தீரவில்லை. நியாய சபைக்குப் போகலாம் என்கிறார்கள். விகாரங்களின் பணத்தை வைத்திருக்கும் பிட்சு சபை அதிகாரிகளின் வாயை நிரப்பிவிடுவாரே என்கிறாள் தேவசோமா. எழுதியவன் நாட்டை ஆளும் அரசன் என்பதை நினைவில் வைத்து இந்த இடத்தைப் படியுங்கள்! தன் நீதிமன்றத்தையே கிண்டல் செய்திருக்கிறான்.

கடைசியில் ஒரு பைத்தியக்காரன் கபாலத்தோடு வருகிறான். நாயிடமிருந்து பிடுங்கினானாம். முடிச்சு அவிழ்ந்துவிட்டது. காபாலிகன் பிட்சுவிடம் மன்னிப்புக் கேட்கிறான். எல்லோரும் சமாதானமாகக் கலைகிறார்கள்.

கொலை இல்லை. காணாமற்போன ஒரு பொருள், கண்ணில் பட்ட ஓர் ஆள்மேல் பழி, விசாரணை, உண்மை, மன்னிப்பு. நல்ல துப்பறியும் கதைக்கு வேண்டிய அத்தனையும் இதில் இருக்கிறது. மன்னிப்பு என்ற அந்தக் கடைசி அங்கம் எவ்வளவு பெரிது என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

தானவனும் திகம்பர சாமியாரும்

அச்சுக் காலத்துக்கு வருவோம். ஷெர்லாக் ஹோம்ஸ் 1887-இல் வெளிவந்தார். ஏழே ஆண்டுகளில், 1894-இல், பண்டித நடேச சாஸ்திரி 'தானவன்' என்ற போலீஸ் நிபுணரைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தொகுத்தவரும் இவரே.

அடுத்து வந்தவர் நம்மைப் போலவே பட்டு நெசவு ஊர்க்காரர், ஆரணி குப்புசாமி முதலியார். 'ஆனந்தபோதினி' மாத இதழின் ஆசிரியராக இருந்து, ஆங்கில நாவல்களின் பெயர்களையும் ஊர்களையும் மாற்றித் தமிழ் உடை உடுத்தி வரிசையாகத் தந்தார். 'சவுக்கடி சந்திரகாந்தா' எழுதிய ஜே.ஆர். ரங்கராஜு, துப்பறியும் கோவிந்தனை உலவவிட்டார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் படைத்த திகம்பர சாமியாரை மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-இல் படமாக எடுத்தது. நம்பியார் பல வேடங்களில் நடித்த அந்தப் படம் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1925-இல் 'ஜகன்மோகினி' இதழைக் கையில் எடுத்த வை.மு. கோதைநாயகி அம்மாள், பெண்கள் நாவல் படிப்பதே குற்றம் என்று பலர் எண்ணிய நாளில் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார்.

தறிக் குழியில் தண்ணீர்

மழைக்காலம் படிப்பதற்கு இதமான காலம் என்று இப்போது சொல்கிறோம். பிள்ளையார்பாளையம் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதன் இன்னொரு முகமும் தெரியும். என் அப்பா பட்டு நெசவாளி. குழித்தறி. அடைமழை பிடித்தால் குழியில் தண்ணீர் ஊறும். தெருவில் பாவு போட முடியாது. ஈரக்காற்றில் இழை சரியாக வராது. தறி நின்றால் கூலி நின்றது. தீபாவளிக்கு ஊரெல்லாம் பட்டு வாங்கும் நேரத்தில் எங்கள் வீட்டில் முதலாளியிடம் முன்பணத்துக்கு நிற்பார்கள்.

அந்த நாட்களில் மாலையானால் பக்கத்து வீட்டுப் பெரியப்பாவும் இன்னும் மூன்று நான்கு பேரும் எங்கள் திண்ணையில் வந்து உட்காருவார்கள். யாரோ கொடுத்த பழைய 'கல்கண்டு' கட்டு ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. தமிழ்வாணனின் சங்கர்லால் கதையை நான் உரக்கப் படிக்க வேண்டும். எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். வாரக்கணக்கில் கைக்கு வேலை இல்லாத அந்த மனிதர்கள், குற்றவாளி யார் என்று பந்தயம் கட்டுவார்கள். பந்தயம் ஒரு வெற்றிலை பாக்கு. அப்பா பெரும்பாலும் தோற்பார். "நல்லவன் மாதிரி இருக்கிறவன் பேர்லயே சந்தேகப்பட மாட்டேங்கிறியே" என்று பெரியப்பா சிரிப்பார்.

சாம்பு ஒரு பேங்க் குமாஸ்தா

பி.காம் முடித்து வங்கியில் எழுத்தராகச் சேர்ந்த பிறகுதான் தேவனின் 'துப்பறியும் சாம்பு' முழுவதையும் படித்தேன். 1940-களில் 'ஆனந்த விகடன்' வாசகர்களைச் சிரிக்கவைத்த சாம்பு, நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பேங்க் குமாஸ்தா. எல்லோரும் அவனை மக்கு என்கிறார்கள். அவன் தடுக்கி விழுந்தால் அங்கே திருடன் சிக்குகிறான். இன்ஸ்பெக்டர் கோபாலன் அதை மகா யுக்தி என்று மெச்சுகிறார். மகள் சொன்ன 'கோஸி' வகைக்குத் தமிழில் இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கிளையில் சாம்பு யாரும் இருக்கவில்லை. 1986-இல் ஒரு நாள் மாலை கணக்கு முடித்தபோது ரூ.5,000 குறைந்தது. பேமெண்ட் கவுண்டரில் இருந்தவன் நான். அப்போது என் மாதச் சம்பளத்தைவிட அது அதிகம். இரண்டு முறை எண்ணினோம், வவுச்சர்களைப் புரட்டினோம், குப்பைக் கூடையைக் கவிழ்த்தோம். பிறகு எல்லோர் கண்ணும், கட்டுகளைத் தூக்கி வைக்க உதவிய தற்காலிகப் பையன்மேல் போனது. பத்தொன்பது வயது, ஏழை வீட்டுப் பிள்ளை. அவன் பையைச் சோதித்தார்கள். டிபன் டப்பாவைத் திறக்கச் சொன்னார்கள். நான் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அவன்மேல்தான் சந்தேகம். பணத்தை நான் கையிலிருந்து கட்டினேன்.

நான்காம் நாள் ஒரு ஜரிகை வியாபாரி வந்தார். ஐம்பது ரூபாய்க் கட்டு ஒன்று அதிகமாக வந்துவிட்டது, வெளியூர் போயிருந்ததால் இன்றுதான் பார்த்தேன் என்று மேஜைமேல் வைத்தார். நூறு தாள், ஐயாயிரம். தவறு என்னுடையது. பணம் திரும்பியது. பையன் திரும்பவில்லை, சோதனை நடந்த மறுநாளே நின்றுவிட்டான். அவன் வீடு எங்கே என்று எனக்குத் தெரியும். 'நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம்' என்று இருந்தேன். போகவே இல்லை.

குடிகாரக் காபாலிகன் செய்ததை, பி.காம் படித்த நான் செய்யவில்லை.

சென்ற மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பார்சல் காணவில்லை என்று செய்தி வந்தபோது, பத்து நிமிடத்தில் ஒரு வீட்டு வேலைக்காரம்மாவின் பெயர் அடிபட்டது. சாயங்காலம் பார்சல் எதிர் வீட்டுச் செருப்பு அலமாரியில் கிடைத்தது. 'கிடைத்துவிட்டது, நன்றி' என்று ஒரு வரி வந்தது. அந்த அம்மாவிடம் யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா? தெரிந்தவர்கள் எனக்குச் சொன்னால் சந்தோஷப்படுவேன்.

இனி பட்டியல்

குற்றவாளி கடைசிப் பக்கத்தில்தான் தெரிவான் என்ற பொறுமையைப் பழக்குவதால்தான் இந்தப் புத்தகங்களைச் சிபாரிசு செய்கிறேன்.

1. 'மத்தவிலாசப் பிரகசனம்', தமிழ் மொழிபெயர்ப்பில். ஒரே உட்காரலில் படித்துவிடலாம்.

2. தேவன்: 'துப்பறியும் சாம்பு'. குடும்பத்தோடு படிக்க. கொஞ்சம் கனமாக வேண்டுமென்றால் அவருடைய 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்'. ஒரு கொலை வழக்கு விசாரணை.

3. வடுவூரார்: 'கும்பகோணம் வக்கீல்', 'மேனகா'. நடை பழையது, வாக்கியம் நீளம். இரண்டு நாள் மழைக்குத் தாங்கும்.

4. நம் ஊர் அண்ணாவின் 'ரங்கோன் ராதா'. சொத்துக்காக மனைவியைப் பேய் பிடித்தவள் என்று அடைத்து வைக்கும் கணவனின் கதை. துப்பறியும் நாவல் அல்ல; மர்மம் உண்டு.

5. தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகள், பள்ளிப் பிள்ளைகளுக்கு.

6. சுஜாதாவின் 'நைலான் கயிறு'. 1968-இல் 'குமுதம்' தொடராக வந்தது. 'கொலையுதிர் காலம்' பெரியவர்களுக்கு மட்டும்.

7. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் பாக்கெட் நாவல்கள். பஸ் ஸ்டாண்டில் வாங்கிய பழைய பிரதி யாரிடமாவது இருந்தால் அலமாரிக்குத் தாருங்கள்.

எல்லாவற்றையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக நம் மாகாணத்தில்தான் 1948-இல் பொது நூலகச் சட்டம் வந்தது. நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகப் போகிறது. ரசீதை எடுத்துப் பாருங்கள். காசு கொடுத்துவிட்டோம், மாவட்ட மைய நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் எடுக்காமல் இருந்தால் நஷ்டம் நமக்குத்தான். வங்கிக்காரன் சொல்கிறேன், கேளுங்கள். பழைய நாவல்கள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இலவசமாகவும் கிடைக்கும்.

அலமாரிச் சாவி செக்யூரிட்டி அறையில் இருக்கிறது. எடுக்கும் புத்தகத்தை நோட்டில் எழுதிவிட்டு எடுங்கள். ஒருவேளை புத்தகம் காணாமற்போனால், யாரையும் சந்தேகப்படும் முன் உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

– ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர், பி பிளாக்