சிலிண்டர் கீறலும் நாப்பது தவ்வும்

முகூர்த்த மாசம்னா ஒரு காலத்துல காஞ்சிபுரம் காந்தி ரோடு பூரா அம்பாசிடரா நிக்கும். கல்யாணப் பட்டு எடுக்க ஒரே வண்டியில ஏழெட்டு பேர் வந்து இறங்குவாங்க. அத்தனை பாரத்தோட அந்த வண்டிங்க அத்தனை வருஷம் எப்படி ஓடிச்சு? பதில் சிலிண்டர் சுவத்துல இருக்குங்க.

பிஸ்டன் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை ஏறி இறங்குற குழாய்தான் சிலிண்டர். சுவத்துக்கும் பிஸ்டன் ரிங்குக்கும் நடுவுல மெல்லிய ஆயில் படலம் இருக்கும். தூசி உள்ளே போனாலோ, தண்ணி வத்தி இன்ஜின் சூடேறினாலோ சுவத்துல கீறல் விழும். அப்புறம் வண்டி ஆயில் குடிக்கும், பின்னாடி நீலப்புகை விடும்.

இரண்டாம் உலகப்போர் சமயத்துல பெட்ரோல் தட்டுப்பாடு வந்தப்ப, நம்ம பக்கம் பஸ்கள் கரிவாயுவுல ஓடின. அதுக்கான கருவியை டி.வி.எஸ். நிறுவனமே தயாரிச்சது. அந்த வாயுவைச் சரியா வடிகட்டலைன்னா சாம்பல் தூசி நேரா சிலிண்டருக்குள்ள போகும். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச கதைதான்!

சுதந்திரத்துக்கு அப்புறம் வேற மாதிரி நெருக்கடி. 1950-களில் வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்குக் கதவடைச்சாச்சு. 1983 கடைசியில மாருதி வர்ற வரைக்கும் அம்பாசிடர், ஃபியட், சென்னையில தயாரான ஸ்டாண்டர்ட், இவ்வளவுதான் பெரும்பாலும். புது வண்டிக்குப் பதிவு பண்ணிட்டு வருஷக்கணக்கா காத்திருக்கணும். அப்படி இருக்க, கீறல் விழுந்த பிளாக்கை யார் தூக்கிப் போடுவாங்க?

இங்கதான் லேத் பட்டறை வருது. சிலிண்டரைக் கொஞ்சம் பெருசா குடைஞ்சு, அதுக்கேத்த ஓவர்சைஸ் பிஸ்டன் போடுறதுக்குப் பேர் ரீபோர். பிஸ்டனுக்கும் வெளிநாட்டை நம்ப வேண்டாம். 1949-லேயே சென்னையில அமால்கமேஷன்ஸ் குழுமம் இந்தியா பிஸ்டன்ஸை ஆரம்பிச்சிருந்தது.

கணக்கு எல்லாம் 'தவ்'வுலதான். ஒரு அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு ஒரு தவ். இருபது தவ், முப்பது தவ், நாப்பது தவ்னு படிப்படியா போவாங்க. அம்பாசிடரோட 1489 சிசி இன்ஜினுக்குச் சிலிண்டர் விட்டம் 73.025 மி.மீ. நாப்பது தவ் குடைஞ்சா விட்டம் சுமார் 1 மி.மீ. கூடும். நாலு சிலிண்டருக்கும் கணக்குப் போட்டா வண்டி 1531 சிசி ஆயிடும். ஆர்.சி. புக்குல மட்டும் அதே 1489 :)

ஆனா நல்ல மெக்கானிக் எடுத்தவுடனே போர் பண்ணச் சொல்ல மாட்டார். முதல்ல கம்ப்ரஷன் பார்ப்பார். குறைஞ்சிருந்தா பிளக் ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார். அளவு ஏறிச்சுன்னா ரிங்கிலயோ சுவத்துலயோ கோளாறு. ஏறலைன்னா அனேகமா வால்வு பக்கம். ஹெட்டைக் கழட்டின பிறகு கீறல் மேல நகத்தை வச்சு இழுப்பார். நகம் சிக்கலைன்னா, ஹோனிங் கல்லைச் சுத்தவிட்டு குறுக்கும் நெடுக்குமா மெல்லிய கோடு போட்டு, புது ரிங் மாட்டினா பல சமயம் போதும். ஆயில் தங்குறதே அந்தக் கோடுகள்லதான்.

ஏன் இவ்வளவு தயக்கம்? வெட்டின இரும்பு திரும்ப வராதுங்க. இருபது தவ்வுல முடியுற வேலைக்கு நாப்பது குடைஞ்சா, அந்த பிளாக்கோட ஒரு ஆயுசு போச்சு. அதுக்கப்புறம் ஸ்லீவ் அடிக்கணும், அதாவது உள்ளே புதுக் குழாயே இறக்கணும்.

எங்க ஊர் கைலாசநாதர் கோயில்லயும் இதே பாடம் இருக்கு. ராஜசிம்ம பல்லவன் மணற்கல்லுல கட்டினது. கல்லு அரிச்ச இடத்துல பிற்காலத்துல சுதை பூசினாங்க. உருவம் திரும்பிச்சு, ஆனா பூச்சுக்கு அடியில பல்லவ உளி மறைஞ்சு போச்சு. எவ்வளவு குறைவா கை வைக்கிறோம்கிறதுதான் ரிப்பேரோட முதல் கணக்கு.

அம்பாசிடர் 2014-ல் நின்னுடுச்சு. 1998-லிருந்து நம்ம மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் வரிசையா இறங்குது. இப்போ நிறைய இன்ஜின்ல அலுமினிய பிளாக், அதுக்குள்ள மெல்லிசு ஸ்லீவ். குடைய இடமே கம்மி. கீறல்னா பல இடத்துல பிளாக்கையே மாத்தச் சொல்றாங்க. இன்ஜின் முன்னைவிட நல்லா உழைக்குது, அதை மறுக்கல. ஆனா நகத்தால கீறலோட ஆழம் பார்த்து 'இது போதும், விட்டுடு'ன்னு சொல்ற ஆளுங்க குறைஞ்சா, பில்லு நம்ம தலையிலதான்.

உங்க ஊர்ல போரிங் பட்டறை இன்னும் ஓடுதா? சொல்லுங்க.