மலை இறங்கும் மக்கள்

தாண்டிக்குடி மலையிலே கல்திட்டைகள் உண்டு. பெருங்கற்கால மக்கள் இறந்தோர்க்கு எழுப்பிய ஈமச் சின்னங்கள் அவை. அத்துணைப் பழைய குடியிருப்பை விட்டு, நம்மிடம் பயின்ற இளைஞன் மூட்டையுடன் மலை இறங்குகிறான். ஏன்? தலைவிதி என்பர் சிலர். விதியல்ல தோழர்களே, வரலாறு!

1845இல் அமெரிக்கப் பாதிரிமார் கொடைக்கானலில் வீடு கட்டினர். வெயிலுக்கு அஞ்சிய வெள்ளையர் டோலியில் ஏறினர்; சுமந்தவன் நம் உழைப்பாளி. 1875இல் அம்மையநாயக்கனூருக்கு இரயில் வந்தது. பின்னர் மலைச்சாலை வந்தது. குளிர் தேடியவர்க்கு நகரம் எழுந்தது. மிளகும் காப்பியும் விளைவித்த சிற்றூரோ சந்தை விலையை நம்பியே நின்றது. கல்லூரியும் மருத்துவமும் தொழிலும் நகரிலே குவிந்தன, மக்களும் குவிந்தனர். 1951இல் இந்தியரில் நூற்றுக்கு 17 பேர் நகரவாசிகள். 2011இல் 31 பேர். தமிழ்நாட்டிலோ 48!

நகரம் தீதா? அன்று. 1948இல் அரசியல் நிர்ணய சபையிலே அம்பேத்கர் கிராமப் பெருமையைச் சாடினார். தெருவில் நடக்கத் தடுக்கப்பட்டவன் பேருந்திலே சமமாக அமர்வது நகரம் தந்த நன்மை. ஆனால், சேரியை விட்டு வந்தவனுக்குக் கிடைத்த வீடு எது? கூவக்கரைக் குடிசை! 1970இல் குடிசை மாற்று வாரியம் பிறந்தது. அடுக்கு வீடுகள் எழுந்தன. எனினும் 2000இல் குடிசை மக்களுக்கென உருவான கண்ணகி நகர் எங்கே அமைந்தது? சென்னையின் விளிம்பிலே! ஊருக்கு வெளியே சேரி. நகருக்கு வெளியே குடியிருப்பு. கோடு அழியவில்லை, இடம் மாறியது.

கல்வியும் தொழிலும் மலையேறட்டும். நகரின் நடுவிலே உழைப்பவனுக்கு வீடு கிடைக்கட்டும். அன்று மலை இறங்குவது விருப்பமாகும்; விரட்டலாகாது.