ஒற்றைத் தலையிடியும் சத்திரசிகிச்சையாளர் நோக்கும்

கண்ணுக்குப் புலப்படாத நோவினைக் கத்தியால் அகற்றலாமா என்ற வினா மருத்துவ வரலாற்றிற் பழையது. ஒற்றைத் தலையிடியை ‘அர்த்தாவபேதகம்’ எனக் குறிக்கும் சரக சங்கிதை, அதற்குரிய பரிகாரங்களுட் சூடிடுதலையும் ஒன்றாகக் கூறுகின்றது. 10ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த அரபு மருத்துவர் அல் சஹ்ராவி, சூடிடுதலோடு, நெற்றிப் பொட்டைக் கீறி உள்ளே உள்ளிப் பல்லை வைத்தலையும் விதித்தார். நோவு தோன்றும் இடத்திலேயே நோயும் உறைகின்றது என்னும் எண்ணமே இவற்றுக்கு அடிப்படையாகும்.

இவ்வெண்ணம் அண்மைக் காலத்தில் வேறோர் உருவில் மீண்டது. நெற்றிச் சுருக்கம் நீக்கும் சிகிச்சை பெற்றோர் சிலருக்குத் தலையிடியும் தணிந்தமையை, அமெரிக்கப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையாளர் பாமன் குயூரோன் 2000இல் வெளியிட்டார். 2009இல் வெளிவந்த அவரது ஆய்வில், 49 பேருக்கு உண்மைச் சிகிச்சையும், 26 பேருக்கு நரம்பு தசைகளைத் தீண்டாத போலிச் சிகிச்சையும் செய்யப்பட்டன. முன்னையோரில் 57 வீதத்தினருக்கு நோய் முற்றாக நீங்கிற்று. பின்னையோரில் ஏறத்தாழ 4 வீதத்தினருக்கே நீங்கிற்று. ஆயினும் போலிச் சிகிச்சை பெற்றோரிலும் அரைவாசிக்கு மேற்பட்டோர் கணிசமான தணிவு கண்டனர். கத்தியின் பயனெது, நம்பிக்கையின் பயனெது என்ற ஐயம் இதனால் எழுந்தது. ஆய்வுக்குப் புறம்பாக இச்சிகிச்சையைப் பரிந்துரைக்கலாகாது என அமெரிக்கத் தலையிடி மருத்துவர் சங்கம் 2013இல் அறிவுறுத்தியது.

வன்னிப் பெருநிலப்பரப்பில் இவ்வினா கடுமையான வடிவம் பெறுகின்றது. 2009 மே மாதம் முடிவுற்ற போரிற் காயமுற்றோர் பலர் எறிகணைச் சிதறல்களை உடலிற் சுமந்தே வாழ்கின்றனர். தலைக்காயத்தின் பின் வரும் தலையிடி பல வேளைகளில் ஒற்றைத் தலையிடியையே ஒத்திருக்கும். துண்டை எடுத்தால் இடி நிற்கும் எனத் துன்புறுவோர் கருதுவது இயல்பே. முதலாம் உலகப் போரின்போது 1917இல் ஹார்வி குஷிங், சீழ்பிடிக்கும் என அஞ்சி, காந்தத்தையும் பயன்படுத்தி மூளையிலிருந்து சிதறல்களை அகற்றினார். நுண்ணுயிர்க்கொல்லிகள் வந்த பிற்காலப் போர்களின் அனுபவமோ, ஆழத்திற் கிடக்கும் சிதறலைத் தேடிச் செல்வது விட்டுவைப்பதிலுங் கேடாகலாம் எனக் காட்டிற்று. சீழ், இடப்பெயர்வு போன்ற தெளிவான காரணமின்றி வெட்டாமை இன்று முறையாகியுள்ளது.

எனினும் வெட்டாமை கைவிடுதல் ஆகாது. மறுப்பின் காரணத்தை நோயாளிக்கு அவர்தம் மொழியில் உணர்த்தி, மருந்தாலும் தொடர் கவனிப்பாலும் நோவைத் தணித்தல் மருத்துவர் கடன். 1867இல் ‘இரண வைத்தியம்’ நூலைத் தமிழில் வெளியிட்ட மானிப்பாய் மருத்துவர் சாமுவேல் கிறீனின் மரபு வடபுலத்துக்கு உண்டு. வன்னியின் தலையிடிக்கு அம்மரபும் ஒரு மருந்தாகும்.